லேசருக்கு வைத்த பொட்டு

வினோதினிக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து மணிக்குச் சென்னையிலிருந்து சிந்துஜா மேடம் வருகிறார். அடி அண்ணாமலையில் வினோதினி நடத்தும் செக்கில் ஆட்டுகிற கடலை எண்ணெயில் பாதியை வாங்கிக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட்டின் தர அதிகாரி அவர். போன மாதம் அந்தக் கடைக்காரர்கள் நாற்பது பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எண்ணெயில் ஒரு குறையும் இல்லையாம். பாட்டிலில் தேதிதான் இல்லையாம்!

தேதி இல்லாமலா? ரப்பர் ஸ்டாம்பை வைத்து ஒவ்வொரு பாட்டிலாக டொக்கு டொக்கென்று குத்தியது யார்? இவளும், பாட்டிலில் எண்ணெய் பிடிக்கிற உண்ணாமலை அக்காவும்தானே! ஆனால் செக்கு ஓடுகிற இடத்தில் எதில்தான் எண்ணெய் இல்லை? பாட்டில், பெட்டி, கை, கதவுத் தாழ்ப்பாள், எல்லாமே வழவழ. லாரி செஞ்சியைத் தாண்டுவதற்குள் தேதியெல்லாம் பெட்டி அட்டையில் ஒட்டிக்கொண்டது.

"அழியாத தேதிய நேர்ல காட்டுங்க, இல்லன்னா ஆர்டர் கேன்சல்" என்று மேடம் போனிலேயே சொல்லிவிட்டார். நாளைக்கு வாங்க என்று இழுக்கவும் வழியில்லை. நாளைக்குப் பௌர்ணமி, செக்கு இருக்கும் கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். ஆர்டர் போனால் புதிதாகப் போட்ட இரண்டாவது செக்கு சும்மா நிற்கும். அதை நம்பி வேலைக்கு வந்த ஆறு பெண்களை வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும்.

அதனால் இரண்டு மெஷினைச் சோதித்துப் பார்க்க வரவழைத்திருந்தாள். ஒன்று மை பீய்ச்சி எழுதுவது, விலை கம்மி. இன்னொன்று லேசர். அதற்கு மையே வேண்டாம், லேபிளில் இருக்கும் பச்சைப் பட்டையைச் சுட்டு வெள்ளை எழுத்தாக்கிவிடும். அதன் விலையைக் கேட்டு உண்ணாமலை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் இரண்டையும் பெல்ட் ஓரமாகப் பொருத்திவிட்டுப் போனார்கள். லேசர் கம்பெனி அப்பாதுரை பத்து பாட்டில் ஓட்டியும் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

காலையில் குளித்துவிட்டு வந்ததும் வினோதினி இரண்டு மெஷினுக்கும் பொட்டு வைத்தாள். புது மிக்சிக்கே பொட்டு வைக்காமல் பிளக்கில் சொருகாதவள், இதற்கு வைக்காமல் விடுவாளா? மை மெஷினுக்கு மூடி மேல் வைத்தாயிற்று. லேசருக்கு எங்கே வைப்பது? உடம்பெல்லாம் ஒரே கறுப்புத் தகரம். பெல்ட்டைப் பார்த்த மாதிரி ஒரு கம்பியில் குட்டிப் பெட்டி ஒன்று இருந்தது, அதன் நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி. பொட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதே! சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு பெல்ட்டை ஓட்டினால், மை மெஷின் சடசடவென்று தேதி போட்டது. லேசர் உம்மென்று உட்கார்ந்திருந்தது. பாட்டில் பாட்டிலாகப் போகிறது, ஒரு புள்ளிகூட விழவில்லை. வினோதினிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அப்பாதுரைக்குப் போன் போட்டாள்.

"இன்னா சார் மெஷின் குடுத்துருக்கீங்க? இன்னிக்குப் பாத்து மானத்த வாங்குது! வந்து எடுத்துட்டுப் போங்க!"

"நேத்து நல்லா ஓடிச்சே மேடம். முன்னாடி அந்தக் கண்ணாடி மேல எதுனா..."

"அப்போ நான் பொய் சொல்றேனா?" பட்டென்று போனை கட் பண்ணினாள்.

"வுடு வினோ. மை மெஷினே போதும், செலவும் கம்மி" என்றாள் உண்ணாமலை. வினோதினிக்கும் அதுதான் சரியென்று பட்டது.

சிந்துஜா மேடம் வந்தார். மோர் வேண்டாமென்றார், உட்காரவும் இல்லை. மை மெஷினில் தேதி போட்ட பாட்டில் ஒன்றை எடுத்தார். அப்புறம் செய்தாரே ஒரு வேலை! செக்கடியில் வழிந்திருந்த எண்ணெயைக் கட்டைவிரலில் தொட்டு, தேதி மேல் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். தேதி போயே போச்சு. அவர் விரல்தான் கறுப்பாயிற்று.

"இதுக்கு உங்க ரப்பர் ஸ்டாம்பே தேவலாம்போல இருக்கே" என்றார்.

செக்கில் ஆட்ட மல்லாட்டைக் கடலை புடைத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வினோதினியின் முகத்தையே பார்த்தார்கள். அவர்களைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அது லேசர்தானே? அதுல ஓட்டிக் காட்டுங்க."

"அது ஓடல மேடம்."

"ஏன்? பாட்டில் வர்றதப் பாக்க அதுக்கு ஒரு கண்ணு இருக்குமே, அது சரியா இருக்கா?"

கண்ணா? வினோதினி மெல்லத் திரும்பி அந்தக் குட்டிப் பெட்டியைப் பார்த்தாள். சந்தனமும் குங்குமமுமாக அது மங்களகரமாக இருந்தது.

"ஐயையோ! நான்தான் மேடம், அது கண்ணுலயே பொட்டு வச்சுட்டேன்!"

உண்ணாமலை முந்தானையோடு பாய்ந்தாள். "அந்த எண்ணெய் முந்தானையால தொடாதக்கா!" என்று கத்திக்கொண்டே வினோதினி சுத்தமான துணியெடுத்து, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி துடைத்தாள். பெல்ட் ஓடியது. லேசாக ஒரு தீய்ந்த வாசனை வந்தது, பச்சைப் பட்டையில் பளிச்சென்று தேதி விழுந்தது. மேடம் எண்ணெய் தொட்டு இழுத்தார், நகத்தால் சுரண்டினார், கைக்குட்டையால் தேய்த்தார். தேதி அசையவில்லை.

"பௌர்ணமி முடிஞ்சதும் நாற்பது பெட்டி அனுப்பிடுங்க" என்றவர், சிரித்துக்கொண்டே, "அந்த மோர் இருக்கா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் முறங்கள் திரும்பவும் புடைக்கத் தொடங்கின. வினோதினிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மேடத்தின் கார் கிளம்பியதும் அப்பாதுரைக்குப் போன் போட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார், மெஷின் நல்லா இருக்குது. இதையே எடுத்துக்கறேன். காலைல கத்துனதுக்கு மன்னிச்சுடுங்க, தப்பு என் மேலதான்."

"பொட்டு கண்ணுல வச்சுட்டீங்களா மேடம்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலைல அதத்தான் கேக்க வந்தேன், கட் பண்ணிட்டீங்க. இந்த ஜில்லாவுல எட்டு மெஷின் போட்டுருக்கேன் மேடம். உங்களது ஆறாவது பொட்டு. மெஷினுக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தாள். கறுப்புத் தகரத்தில் வட்டமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அதன் மேல் அப்பாதுரையின் கையெழுத்தில், 'பொட்டு இங்கே'.