மாப்பிள்ளை வீட்டு மீன்

பிப்ரவரி 9, வெள்ளி. இன்றைய தேர்வில் பேரண்டாலு ஒரு சின்னத் தவறு செய்தாள். 'விக்டோரியா ஏரியின் நீர் எதன் வழியாக வெளியேறுகிறது?' என்ற கேள்விக்கு 'உப்புட்டேறு' என்று எழுதிவிட்டாள். நைல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கொல்லேறு ஏரியின் நடுவே பிறந்தவளுக்கு, ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியின் பெயரே உப்புட்டேறுதான். கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

கைகலூரில் போட்டித் தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்தும் தர்மாஜி மாஸ்டாரு அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "நம்ம பேரி நைல் நதியை உப்புட்டேறு ஓடுற ஆகிவீட்டுப் பக்கம் திருப்பி விட்டுட்டாம்மா. எகிப்துக்காரன் குடத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்."

"அப்ப பிரமிடை பீமவரத்துல கட்டிடலாம் மாஸ்டாரு!" என்றான் கடைசி வரிசைக்காரன் ஒருவன். பேரண்டாலுவும் சேர்ந்து சிரித்தாள். காது மட்டும் சுட்டது.

அதன் பிறகு பாடம் ஏரிகளைப் பற்றியே நடந்தது. வெளியேறும் வழி உள்ள ஏரி நன்னீராக இருக்கும், வழி இல்லாத ஏரியில் வந்ததெல்லாம் தங்கி உப்பாகும், காஸ்பியனைப் போல. பைக்காலில் நாற்பது மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரியும். விக்டோரியாவில் யாரோ கொண்டுவந்து விட்ட பெரிய மீன் ஒன்று அந்த ஏரியின் சின்ன மீன்களை எல்லாம் தின்று தீர்த்தது. அதன் சதை விமானம் ஏறிப் போயிற்று, கரையில் இருந்தவர்களுக்கு எலும்புக்கூடு மிஞ்சியது. "தலையையும் முள்ளையும் பொரிச்சுத் தின்னாங்கம்மா, அவங்க ஏரி மீனை," என்றார் மாஸ்டாரு. திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒரு ஏரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார். பேரண்டாலு பைக்காலைத் தேர்ந்தெடுத்தாள். அவ்வளவு தெளிந்த தண்ணீரை அவள் பார்த்ததே இல்லை.

தன் ஊரான நத்தலங்காவுக்குப் போகும் கரைச் சாலையில் ஷேர் ஆட்டோ திரும்பியதுமே நாற்றம் வந்து மூக்கில் அறைந்தது. ஓட்டுநர் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டார். ஊரின் குடிநீர்க் குளத்தை ஒட்டிய மீன்குட்டையில் வேஸ்டு லாரி பின்பக்கமாக நின்றிருந்தது. நீல டிரம்களைச் சாய்த்து, கோழிக்கடைகளில் மிஞ்சிய குடலையும் தலையையும் இறகையும் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டிய இடத்தில் தண்ணீர் கொதிப்பது போல் புரண்டது. அவ்வளவும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஒரு கோழிக்கால் விரல்களை விரித்தபடி மேலே வந்தது. கீழிருந்து எதுவோ இழுத்துக்கொண்டு போயிற்று.

வீட்டில் அண்ணி மங்காயம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏய் பேரி, ஞாயித்துக்கிழமை உன்னைப் பாக்க வர்றாங்க. ஆகிவீட்டுல எங்க சேஷம்மா அத்தை கொண்டு வந்த சம்பந்தம். பையன் பேரு உதய பாஸ்கர்."

"எந்த உதய பாஸ்கர் வதினா? குளத்துப் பக்கத்துக் குட்டையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறவரா?"

"அவருதான். ராஜா மாதிரி இருப்பாரு."

"லாரில குடலைக் கொண்டு வந்து கொட்டுற ராஜா."

"ஆமாண்டி, நீ சந்தன மரத்துல பொறந்தவ. மீன் செதில்ல பொறண்டு வளர்ந்தவளுக்கு இன்னிக்கு மூக்கு மொளைச்சிருக்கு!"

அண்ணன் வீரராஜு மீனவர் சங்கத் தலைவன். குட்டையைக் குத்தகைக்கு விட்டவனே அவன்தான். "எல்லாருந்தான் போடுறாங்க பேரி. இவர் போடலைன்னா வேற ஒருத்தன் போடுவான். நல்ல பையன், குடி கிடையாது. ஞாயித்துக்கிழமை பாத்துட்டு, உன் முடிவை அன்னிக்கே சொல்லிடு," என்றான்.

பேரண்டாலுவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. அண்ணி சொல்வது சரியாக இருக்குமோ? நாலு புத்தகம் படித்ததும் ஊர் நாறத் தொடங்கிவிட்டதா? முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒருவனை நாற்றத்தை வைத்துத் தள்ளிவிடலாமா?

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கூடை வந்தது. பனிக்கட்டிக்கு நடுவே கை நீளக் கெளுத்திகள், வழவழவென்று, மீசையோடு. சம்பந்தம் பேசும் வீட்டுக்கு மரியாதையாம். அண்ணிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. புளி கரைத்து, மாங்காய் போட்டு, வீடே மணக்கப் புலுசுக் குழம்பு வைத்தாள். மறுநாள் விருந்துக்கென்று பாதியை எடுத்து வைத்தாள்.

பேரண்டாலு ஒரு துண்டு போட்டுக்கொண்டாள். தன்னைத்தானே சோதித்துப் பார்க்கலாம் என்றுதான். வாயில் வைத்ததும் அந்த விரிந்த கோழிக்கால் கண்ணில் வந்து நின்றது. மென்று விழுங்கினாள். ருசியாகத்தான் இருந்தது. அருவருப்பெல்லாம் வெறும் மனப்பிரமை என்று சொல்லிக்கொண்டு இன்னொரு துண்டும் தின்றாள்.

ஞாயிறு மதியம் அவர்கள் காரில் வந்தார்கள். உதய பாஸ்கர், அவன் தாய், கூடவே சேஷம்மா அத்தை. அவன் வெள்ளைச் சட்டையில் இருந்தான். அத்தர் வாசனை அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது. தாய் இறங்கும்போதே கையில் ஒரு தண்ணீர் கேனையும் கொண்டுவந்தாள். அண்ணி நீட்டிய செம்பை வாங்கி, உதட்டில் படாமல் அப்படியே கீழே வைத்தாள். "தப்பா நெனைக்காதீங்க. எங்க பையனுக்குத் தண்ணி மாறினா ஒத்துக்காது."

இலை போட்டார்கள். அண்ணி முதலில் மீன் சட்டியைத்தான் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் தாயிடம் வந்தாள். "நீங்க அனுப்புன மீனுதான் அத்தய்யா, பாருங்க எப்படி வந்திருக்குன்னு!"

மாப்பிள்ளையின் தாய் இலையைக் கையால் மறைத்தாள். "இன்னிக்கு விரதம் அம்மா."

"அடடா, முன்னமே தெரிஞ்சிருந்தா... அப்ப நாட்டுக்கோழி வறுவலும் வேண்டாமா?"

"அது போடுங்க."

அண்ணியின் கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளையும் வறுவல் போட்டுக்கொண்டான். அவன் இலையில் யாரோ வைத்துவிட்ட மீன் துண்டை ஒற்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளினான். பிறகு அந்த விரலைத் தனியாகத் துடைத்துக்கொண்டான். கதவோரம் நின்ற பேரண்டாலு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் இருவரும் பேசிக்கொள்ளட்டும் என்று கொல்லைப் பக்கம் அனுப்பினார்கள். எதிரே குடிநீர்க் குளம், அதற்கு அந்தப் பக்கம் அவனுடைய குட்டை. இடையில் ஒற்றை மண்கரை. கரையின் அடியில் ஈரம் கசிந்து பச்சை படர்ந்திருந்தது.

"ஏரியைப் பத்திப் படிக்கிறீங்களாமே," என்று அவன்தான் தொடங்கினான். "கொல்லேறும் பரீட்சைல வருமா? பரீட்சைல மட்டுந்தாங்க இருக்கு, வெளியில எங்க இருக்கு, எல்லாம் மீன்குட்டையாயிடுச்சே?" நல்ல சிரிப்பு அவனுக்கு. கெட்டவன் போலத் தெரியவில்லை. அதுவே அவளைக் குழப்பியது.

"உங்களுக்கு மீன் பிடிக்காதாங்க?"

"பிடிக்காதாவா? கடல் மீன்னா உயிரு."

"இது?"

"இதுவா..." அவன் கூச்சமில்லாமல் சிரித்தான். "என்ன போடுறோம்னு தெரிஞ்சவன் எப்படிங்க வாயில வைப்பான்? இந்தப் பக்கம் இதை விக்கிறதே இல்லை. ராத்திரியே லாரி ஏறி வடக்கே போயிடும். அங்க யாருக்குத் தெரியப்போவுது?"

"எங்க வீட்டுக்கு அனுப்புனீங்களே."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. குளத்தைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அது அம்மா அனுப்புனாங்க. ஒரு மரியாதைக்கு."

வேண்டாம் என்று அவள் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் வார்த்தை வருமா வாந்தி வருமா என்று நிச்சயமில்லாமல் உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டு சேஷம்மா அத்தை கன்னத்தைக் கிள்ளினாள்.

கார் போனதும் அண்ணியிடம் நடந்ததைச் சொன்னாள். மங்காயம்மா முதலில் நம்பவில்லை. பிறகு அந்தரத்தில் நின்ற கரண்டி அவளுக்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூன்று வேளையாக அவள் அந்த மீனைத்தான் தின்றிருந்தாள். தலையை உறிஞ்சி உறிஞ்சித் தின்றிருந்தாள். கழுவுமிடத்துக்கு ஓடியவள், தொண்டைக்குள் விரலை விட்டபடி நெடுநேரம் குந்தியிருந்தாள். "விரதமாம் விரதம்! த்தூ! கோழிக்கு இல்லாத விரதம்!" சட்டியில் மிஞ்சியதைக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தாள். நாய்க்குப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

வீரராஜு மட்டும் அசையவில்லை. "வியாபாரம் செய்றவன் தன் சரக்கைத் தின்னணும்னு சட்டமா? எண்ணெய்க் கடைக்காரன் எண்ணெயைக் குடிக்கிறானா?"

"எண்ணெய்க் கடைக்காரன் விஷம்னு தெரிஞ்சு சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப மாட்டான் அன்னய்யா."

"இப்ப என்ன, வேண்டாம்ங்கிறியா?"

"வேண்டாம்."

"குத்தகையையும் அவன் முறிச்சுட்டுப் போவான். குத்தகைப் பணம் எங்கன்னு ஊர் என்னைக் கேக்கும்."

"போகட்டும். அந்தக் கசிவைத்தானே ஊரே குடிக்குது."

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "என் வாயால நான் சொல்ல மாட்டேன். கொண்டு வந்தவங்க அத்தை. திராணி இருந்தா நீயே போய் அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லு."

அவளுக்கு அத்தனை திராணி இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. கொல்லையில் நின்று பேச வராத வாய், சேஷம்மா அத்தையின் கூடத்தில் மட்டும் எப்படித் திறக்கும்? விளக்கடியில் உட்கார்ந்து பைக்காலைப் பற்றி எழுதிப் பார்த்தாள். முன்னூற்றுக்கும் மேற்பட்ட ஆறுகள் வந்து சேர்கின்றன, வெளியேறுவது ஒன்றே ஒன்று என்பது வரை வந்தது. தண்ணீரின் தெளிவைப் பற்றி எழுதப் போனபோது கொல்லைக்கு எதிரே இருந்த குளம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்தாள். அண்ணி கேட்காமலேயே ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "ரெண்டு தடவை கொதிக்க வெச்சேன், குடி. நாளைக்கு நானும் வர்றேன். என் அத்தைதானே."

நாளை, திங்கள்: காலை முதல் ஆட்டோவில் ஆகிவீட்டுக்குப் போக வேண்டும். சேஷம்மா அத்தையிடம் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்; ஏன் என்றும் சொல்ல வேண்டும்.