ஙகர வரிசைக்கு வழியனுப்பு விழா

பாலவாக்கம் டயானா ஜப்பானிய எழுத்து ஒன்றைக் கற்றுக்கொண்ட ஒவ்வொரு முறையும் அவளிடமிருந்த தமிழ் எழுத்து ஒன்று போய்விட்டது. முதலில் போனது ழ. ஒரு வாரம்வரை அது யாருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்தே அவள் வாழைப்பழத்தை வாயப்பயம் என்றுதான் சொல்லிவந்தாள். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். வேலைக்குப் போகும் பேருந்திலிருந்து வெளியே பார்த்தபோதுதான், பழச்சாறு என்று எழுதியிருந்த கடைப்பலகையில் இரண்டாவது எழுத்து இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. பெயிண்ட் உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். போன எழுத்து வாயில் வராது, கண்ணில் படாது, அடுத்தவர் சொன்னால் காதில் மட்டும் கேட்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அடையாறில் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டிவிடும் வேலை. கணவன் ஜான்சன் ஃபைபர் படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். படகு ஒருமுறை அலையில் புரண்டதில் வலது தோள் கெட்டுப்போய், இப்போது கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலைகளைத் தைத்துக்கொண்டிருந்தான். மகள் ஏஞ்சல் இரண்டாம் வகுப்பு படித்தாள். மாமியார் தேசம்மா கூடையில் மீன் விற்றாள். ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் டயானா விண்ணப்பித்தாள். வேலை தெரியுமா என்று பார்த்தவர்களுக்குத் திருப்தி. மீதி இருந்தது ஒன்றுதான்: ஜனவரித் தேர்வுக்குள் ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஜப்பானிய எழுத்து வரிசைகளையும், வரிசைக்கு நாற்பத்தாறு எழுத்து, தடுக்காமல் வாசிக்க வேண்டும்.

தியாகராய நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மூன்றாவது மாடியில் புஜிமலைப் பயிற்சி மையம் இருந்தது. அதை நடத்திய அனிருத் ஜப்பானுக்கு ஒரு வாரச் சுற்றுலா போய்வந்தவர். திரும்பியதிலிருந்து யாரைப் பார்த்தாலும் இடுப்பு வரை குனிந்தார். அவருடைய மேசையில் படப் புத்தகம், பயிற்சிப் புத்தகம், எழுத்து அட்டைக்கட்டு, கைபேசி ஆப், ‘ஒரே இரவில் கானா’ என்ற வீடியோ வகுப்பு எல்லாம் அடுக்கியிருந்தன. இதில் எதை வைத்துப் படித்தால் நல்லது என்று டயானா கேட்டாள்.

“எல்லாமே நல்லதுதான் மேடம். எல்லாத்தையும் வாங்கினாதானே எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும்?” என்றார் அனிருத்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எழுத்தைப் பறித்தது. படப் புத்தகம் ஜப்பானிய எழுத்தை ஆங்கிலப் பெயருள்ள பறவையோடும் பாத்திரத்தோடும் ஒப்பிட்டு விளக்கியதால், முதலில் அந்த ஆங்கிலப் பெயருக்கு இடம் வேண்டியிருந்தது. ஒரு எழுத்து கற்க இரண்டு எழுத்து போனது. அட்டைக்கட்டு, மின்விசிறி ஓடும்போது எடுத்த எழுத்தை அது நின்றதும் திருப்பித் தந்தது. ‘ஒரே இரவில் கானா’வில் கற்றது காலையில் மறந்துவிட்டது, ஆனால் அதற்காகப் போன தமிழ் எழுத்து திரும்பவில்லை. எல்லாவற்றிலும் மோசம் கைபேசி ஆப். டயானா நாள் முழுக்க எந்த எழுத்தை அதிகம் பேசுகிறாள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது, அதையே எடுத்தது. சா போனதும் அவள் வீட்டில் யாரையும் சாப்பிடக் கூப்பிட முடியவில்லை, தட்டைக் கரண்டியால் தட்டினாள். கூடப் படித்த ஆசிஃப் என்ற பையனுக்கு வே போய்விட்டது. அவன் ரங்கநாதன் தெரு வழியாக மாம்பலம் ரயில் நிலையத்துக்கு நடந்தபோது ஒவ்வொரு கடைக்காரரிடமும் ‘ண்டாம், ண்டாம்’ என்றான். அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். ரயிலேறும்போது அவன் கையில் ஏழு சட்டைகளும் ஒரு இட்லிக் குண்டானும் இருந்தன.

மாணவர்கள் அனிருத்திடம் முறையிட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுக்கா பயப்படறீங்க? எனக்கெல்லாம் தமிழ் எழுதப் படிக்கிறது ஸ்கூல்லயே முழுசா போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல” என்றார். பிறகு இழப்பு குறைவாக ஏற்படும் என்று சொல்லி இன்னொரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

அக்டோபர் மழை தொடங்கிய வாரம் டயானாவிடமிருந்து மா போனது. அவள் கணவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல்லில் வேறு எழுத்தே கிடையாது என்பதால், அவள் கூப்பிட்டால் இப்போது சத்தமே வரவில்லை. மனைவி தன்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்று மட்டும்தான் ஜான்சனுக்குத் தெரிந்தது. ஜப்பான் போகிறவளுக்கு வலை தைக்கிறவன் எதற்கு என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்து, கஞ்சியை எடுத்துக்கொண்டு படகடியில் போய் உட்கார்ந்து குடித்தான். சில நாள் இப்படியே போனது. கடைசியில் டயானா மழையில் நனைந்துகொண்டே படகுக்குப் போய், அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயைத் திறந்தாள். உதடுகள் இரண்டு முறை மூடித் திறந்தன. ஜான்சன் பார்த்துக்கொண்டேயிருந்தான். அவள் மறுபடியும் அதையே செய்தாள்.

“அடிப்பாவி, நீ என்னத்தான் கூப்டுகினு இருந்தியா?” என்றான். சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் அழுதான். “வோணாம் டயானா. ஜப்பானும் வோணாம், ஒண்ணியும் வோணாம். இன்னிக்கு இது போச்சு, நாளைக்கு எது போவும்னு யாருக்குத் தெரியும்?”

“இப்ப வுட்டா, போனது திரும்பி வரு...” என்று ஆரம்பித்த டயானாவுக்கு அந்தக் கேள்வியை முடிக்கவும் வழியில்லை. “உன் தோளு இப்புடி கீது. உங்கம்... அது இன்னும் எத்தினி நாளு கூடை தூக்கும்? நா போறேன். வேற பொஸ்தகம் தேடுறேன்.”

அவள் தேடினாள். மயிலாப்பூரில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்தாள், அடையாறில் ஒரு நோயாளியின் மகன் இறக்குமதி செய்திருந்த விலையுயர்ந்த புத்தகக் கட்டைப் பார்த்தாள். எல்லாப் புத்தகங்களிலும் எழுத்து எப்படி வரும் என்று எழுதியிருந்தது, எதைக் கொண்டுபோகும் என்று எழுதியிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தபோது, ஏஞ்சல் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஙகர வரிசை முழுவதையும் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள்.

“ஙௌன்னா இன்னாம்மா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் இல்லடி.”

“ஙீன்னா?”

“அதுவும் ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாததுக்கு இன்னாத்துக்கு எழுதணும்?”

டயானா மகளின் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் மயிலாப்பூர் குளத்தருகே, சிறு பிள்ளைகளுக்கான தமிழ் எழுத்து சார்ட் ஒன்றை வாங்கிவந்து சுவரில் ஒட்டினாள். ஸ்கெட்ச் பேனாவால் ஙா இருந்த கட்டத்தின் மேலே ஒரு ஜப்பானிய எழுத்தை எழுதி, நூறு முறை சொன்னாள். ஙா போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, ‘மா’வைக் கொண்டுபோன ஜப்பானிய எழுத்தை எடுத்து ஙௌ கட்டத்தின் மேல் எழுதிச் சொல்லத் தொடங்கினாள். சாயங்காலம், கடற்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஜான்சன் “மாமா!” என்ற கூப்பாட்டைக் கேட்டு ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டான். அவன் மட்டுமல்ல, கரையிலிருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள், ஏனென்றால் அங்கே எல்லோரும் யாருக்காவது மாமாதான். டயானா கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் கூப்பிட்டாள்.

அனிருத் இதைக் கேள்விப்பட்டதும் அதே சார்ட்டுக்கு லேமினேஷன் போட்டு, தன் மையத்தின் பல்லாண்டு ஆராய்ச்சி என்று விற்றார். ‘வேண்டாத தமிழ் எழுத்தைக் கொடுங்கள், புத்தம்புது ஜப்பானிய எழுத்தை வெல்லுங்கள்! மாபெரும் எக்ஸ்சேஞ்ச் மேளா!’ என்று பாண்டி பஜாரிலிருந்து மயிலாப்பூர்வரை சுவரொட்டி ஒட்டினார். அதில் ஒன்று ராகவேந்திரன் வீட்டு மதிலில் ஒட்டப்பட்டது. ராகவேந்திரன் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி, மயிலைத் தமிழ் எழுத்துக் காப்பு மன்றத்தின் தலைவர். அவர் எட்டுப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, இதைத் தொடங்கியவளை விசாரித்துத் தேடி பாலவாக்கத்துக்கு வந்துவிட்டார்.

“ஈராயிரம் ஆண்டுச் செல்வத்தை அயலானுக்குத் தாரைவார்க்க நீ யார்?” என்று வாசலில் நின்று முழங்கினார். நடுவில் கைபேசி அடித்தது. “மீட்டிங்ல இருக்கேன். முடிச்சுண்டு ஆத்துக்கு வந்துடறேன், ரசத்தை இறக்கி வை” என்று சொல்லிவிட்டு, “ஙகரம் எங்கள் உயிர்!” என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மீன் கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்த தேசம்மா நிமிர்ந்தாள். “நைனா, அத்த நீ கடைசியா எப்பப் பேசின?”

ராகவேந்திரன் யோசித்தார். மன்றத்தினரைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் யோசித்தார்கள்.

“சரி, இப்பவாச்சும் ஒரு தபா சொல்லு, கேப்போம்” என்றாள் தேசம்மா. அவர் சொல்லிப் பார்த்தார். சளி பிடித்த குழந்தை சிணுங்குவதுபோல் வந்தது. வேனில் வந்த எட்டுப் பேரும் முயன்றார்கள், எட்டு விதமாக வந்தது. எது சரி என்பதில் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் மூண்டது. தேசம்மா கடைசியில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

பேச்சுவார்த்தையில் முடிவானது இதுதான்: எழுத்துகளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அநாதையாகப் போகக் கூடாது, முறைப்படி வழியனுப்ப வேண்டும். ஹிரகானாவுக்கு ஙகரத்தோடு ஞகரம், ஔகாரம் போன்ற வரிசைகளில் உபயோகமில்லாதவை போதும். கதகானாவுக்கு வடமொழி எழுத்துகளில் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்றார் ராகவேந்திரன். டயானா ஜா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள், அது ஜான்சனின் பெயரில் இருந்தது.

மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கத்தில் விழா நடந்தது. அழைப்பிதழ் அச்சிட்ட கடையின் கணினியில் அந்த எழுத்துகள் வரவில்லை, அவற்றின் இடத்தில் வெறும் சதுரங்களை அச்சிட்டார்கள். பதினோரு பேர் பேசினார்கள். சார்ட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு நிமிட மௌனத்தில் ஏஞ்சல் கொட்டாவி விட்டாள். ராகவேந்திரன் மட்டும் நிஜமாகவே கண் கலங்கினார். இத்தனை வருடம் அவற்றை வைத்து ஒரு சொல்கூடச் செய்யவில்லையே என்று மேடையிலேயே சொன்னார், அதற்குக் கைதட்டல் விழவில்லை.

டயானா தேர்வில் தேறினாள். ஜான்சனும் தேசம்மாவும் ஏஞ்சலும் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுவரை வந்தார்கள். உள்ளே போன பிறகும் அவள் கூப்பிடுவது கேட்கிறதா என்று ஜான்சன் காதைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தான். கேட்கவில்லை.

ஜப்பானில் அவள் வேலைசெய்த முதியோர் இல்லமும் கடலோரத்தில்தான் இருந்தது. அங்கே பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன கிழவர் ஒருவர் இருந்தார், அவரும் மீனவராக இருந்தவர். டயானா போய்ச் சேர்ந்த முதல் வசந்தத்தில், ஒரு காலை அவர் வாயைத் திறந்து, தெளிவாக, “ஙௌ” என்றார். மருத்துவர்கள் வந்தார்கள், மகள் ரயிலேறி வந்தாள், எந்த மொழி என்று யாருக்கும் தெரியவில்லை. தான் கொடுத்துவிட்ட அந்த எழுத்தை டயானாவாலும் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஆனால் கேட்டதும் எழுந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் உதட்டில் வைத்தாள். அவர் முழுவதையும் குடித்தார்.

அன்று சாயங்காலம் வீடியோ அழைப்பில் ஜான்சனிடம் இதைச் சொன்னாள். “தண்ணின்னு உனக்கு எப்டித் தெரிஞ்சிச்சு?” என்று அவன் கேட்டான்.

“வேற இன்னா கேப்பாரு மாமா, காலைல?” என்றாள்.

இப்போது அந்த இல்லத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஙௌ என்றால் தண்ணீர்; கொஞ்சம் இழுத்துச் சொன்னால் வெந்நீர்.