பச்சை மாறாத தூண்

கட்டடங்களின் தாங்குதிறனைக் கணக்கிடும் பழைய மென்பொருளை, நைரோபியின் ஒரு சிறிய நிறுவனத்தில் தனித்தனியாக ஓடும் சின்னச் சின்னச் சேவைகளாகப் பிரித்து இணையத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எடையைக் கணக்கிட ஒரு சேவை, தூணைக் கணக்கிட ஒரு சேவை. அவற்றை வாஃபுலா எழுதினான். பொறியாளர்கள் பார்க்கும் திரையை முத்தேயு எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை காலை திரையைச் சோதித்துக்கொண்டிருந்தவள், ஒரு தூணின் அகலத்தைச் சும்மா பாதியாக்கினாள். ‘பாதுகாப்பானது’ என்று காட்டிய பச்சை நிறம் மாறவில்லை. கால்வாசியாக்கினாள். அப்போதும் பச்சை.

“வாஃபுலா, இங்க வாயேன். உன் தூண் சேவை தூங்குதா?”

எட்டிப் பார்த்தவனின் முகம் செத்துவிட்டது. “அது நின்னுபோனா, பழைய பதிலையே எடுத்துக் குடுக்கும். திரை காத்திருக்க வேணாமேன்னு நான்தான் அப்படி வெச்சேன்.”

“இத நம்பி கான்கிரீட் போடுறாங்கடா!”

விஷயத்தைக் கேட்ட நிறுவனத் தலைவி ஞாக்கியோ, இருவரையும் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள். “இன்னைக்கே சரிபண்ணுங்க. வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா நாளைக்கு நமக்குக் கடையே இருக்காது.”

“ஏற்கெனவே கட்டினவங்க?” என்றாள் முத்தேயு.

“இன்ஜினியருங்க கையாலயும் ஒரு தடவை பாப்பாங்க.”

பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லித்தான் இதை விற்றிருந்தார்கள்.

பதிவுகளின்படி, அந்தச் சேவை இரண்டு மாதமாகவே அவ்வப்போது நின்றுபோயிருந்தது. அந்த நேரங்களில் தூண் கணக்குப் போட்டவர்கள் மூவர். முத்தேயு படிக்கட்டில் நின்று, கிசுமுவில் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்த ஒடேராவை அழைத்தாள்.

“இன்ஜினியர், கீழ்த்தளத் தூணை மறுபடி கணக்குப் போடுங்க. எங்க திரை காட்டினது தப்பு.”

“என்னம்மா சொல்ற? அது மேல ரெண்டு தளம் போட்டாச்சு!”

“ஆளுங்கள வெளிய வரச் சொல்லுங்க. தயவுசெஞ்சு.”

போனை வைக்காமலே அவர் கத்துவது கேட்டது. கலவை இயந்திரத்தின் இரைச்சல் நின்றது.

மதியம் அவரே அழைத்தார். தூண்கள் போதாது; முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் அடியில்லை. அவர் நன்றி சொல்லவில்லை. “கேஸ் போடுவேன்” என்றார்.

அதற்குள் விஷயம் தெரிந்து, ஞாக்கியோ முத்தேயுவை வேலையிலிருந்து வெளியேற்றியிருந்தாள். வாஃபுலா முத்தேயுவின் பையைக் கீழே கொண்டுவந்து கொடுத்தான்.

“நானும் சொல்லியிருக்கணும்” என்றான். மேலே போனான்.

அந்த மூவரில் இரண்டாமவரையும் அழைத்துச் சொல்லியிருந்தாள்; அவர் இன்னும் அடித்தளமே தோண்டவில்லை. மூன்றாமவர், மச்சாகோஸில் இருப்பவர், போனை எடுக்கவே இல்லை. முத்தேயு மச்சாகோஸ் போகும் மட்டாட்டு வண்டியில் ஏறி, நெருக்கியடித்து உட்கார்ந்து, மறுபடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.