சேஸிஸ் நம்பர்

விக்கி பைக்கிலிருந்து விழுந்த மூன்றாவது வருஷம் அந்த டாட்ஜ் பிக்கப் லிங்கராஜபுரத்து வீட்டுக்கு வந்தது. 1948 மாடல். சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த வண்டி. பழைய கேரேஜ் முதலாளி அதைப் பின்பக்கத்து ஷெட்டில் இறக்கிவிட்டு, விக்கியின் முகத்தைப் பார்க்காமல் தோளை மட்டும் தட்டிவிட்டுப் போனார். அந்த கேரேஜில் விக்கிதான் தலைமை மெக்கானிக்காக இருந்தான். இப்போது இடுப்புக்குக் கீழே அசைவே கிடையாது அவனுக்கு. வீல்சேர், கட்டில், ஜன்னல். அவ்வளவுதான் உலகம்.

"மேல்கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய எஞ்சின் போட்டு, இதை ஹாட் ராட் ஆக்கப்போறேன் மித்ரா. பிரேக், ஆக்ஸிலேட்டர் எல்லாம் கையில. நீ வெல்டிங் கத்துக்கோ."

அவன் மனைவி சங்கமித்ரா சிரித்துவிட்டாள். ஐடி கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் அவள். வாரத்தில் ஆறு நாள் யாரோ ஒருவருடைய தரை பளபளக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஆனால் அவன் ஒரே மூச்சில் அத்தனை பேசி மாதக்கணக்காகியிருந்தது. அதனால் சரி என்றாள்.

"முடிஞ்சதும் மொதல்ல எங்க போலாம்?" என்று அவளே கேட்டாள்.

"கேஜிஎஃப்தான். உங்கக்கா வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தறேன் பாரு."

அவன் விழுந்த நாளிலிருந்து அவள் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அவனைத் தனியாக விட்டுப் போக முடியாது, பஸ்ஸில் ஏற்றவும் முடியாது. அன்றைக்கே அக்காவுக்கு போன் போட்டு, அடுத்த வருஷம் புத்த பூர்ணிமாவுக்கு இரண்டு பேரும் சொந்த வண்டியில் வருகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றும் ஷெட்டில்தான் போயிற்று. வீல்சேரில் உட்கார்ந்து அவன் சொல்வான், வண்டிக்கு அடியில் படுத்து அவள் செய்வாள். ஆரம்பத்தில் அவள் போட்ட வெல்டிங் எல்லாம் தட்டினால் உதிர்ந்தது. "எறும்புப் புத்தா கட்டற? கையை நிதானமா இழு!" என்று கத்துவான். பதிலுக்கு அவளும் கத்துவாள். அப்புறம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். தீப்பொறி பட்டு அவளுடைய முன்கையெல்லாம் கருப்புப் புள்ளிகள். ஆபீஸில் கேட்டவர்களிடம் எண்ணெய் தெறித்தது என்றாள்.

வண்டியின் பின்பாகத்தைத் தாழ்த்த அதன் அடிச்சட்டத்தை, சேஸிஸை, வெட்ட வேண்டியிருந்தது. அவனே குனிந்து சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தான். அவள் கிரைண்டரால் அறுத்துப் புது இரும்பை வைத்துப் பற்றவைத்தாள். அறுந்த துண்டுகளை மற்ற தகரங்களோடு, பழைய இரும்பு வாங்குகிற குஜிரிக்காரரிடம் எடைக்குப் போட்டாள். விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கிடைத்தன. பதினான்காவது மாதம் எஞ்சின் உயிர் பெற்றபோது ஷெட்டுத் தகரமே அதிர்ந்தது. விக்கி கைதட்டினான். அவள் கிரீஸ் கையோடு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாளே அவள், அவனிடம் கேட்காமல், ஆர்டிஓ வேலைகள் பார்க்கிற புரோக்கர் கிருஷ்ணப்பாவை அழைத்துவந்தாள். அவர் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துத் தேய்த்து அச்சு எடுக்க வேண்டுமாம். ரொம்ப நேரம் கழித்துத் தாள் வெள்ளையாகவே வெளியே வந்தது.

"நம்பர் எல்லி இதேம்மா? இந்த எடத்துல இருக்கணும். இங்க ஏதோ புது வெல்டிங் இருக்குதே?"

"நான் போட்டது" என்றாள் அவள்.

கிருஷ்ணப்பா முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நோடம்மா, நம்பர் இல்லாட்டி சர்க்காருக்கு இது வண்டியே இல்ல. நம்பர் இருந்திருந்தாலும் பாஸ் ஆகல்ல. எஞ்சின் வேற, பாடி வேற. எந்த ஆபீசர் கையெழுத்துப் போடுவாரு? ரோட்டுல எடுத்தா அன்னிக்கே தூக்கிட்டுப் போவாங்க. மெக்கானிக் வீட்டுல எனக்கென்ன பாடம் சொல்ல இருக்கு?"

அவர் போனதும் அவள் குஜிரிக் கடைக்கு ஓடக் கிளம்பினாள். அந்தத் துண்டு எப்போதோ உருகிப்போயிருக்கும். ஆனாலும் செருப்பை மாட்டினாள். விக்கி வீல்சேரைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தினான். அவன் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. அதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

அவன் குனிந்து வீல்சேரின் பிரேக்கைப் போட்டான்.

"கோடு போட்டது நீதானே? அங்க நம்பர் இருக்குன்னு தெரிஞ்சேதான் போட்டியா?"

"எங்க வெட்டினாலும் பாஸ் ஆகாது மித்ரா. மொத நாளே தெரியும்."

"அப்ப கேஜிஎஃப்?"

"நீ கேட்ட, சொன்னேன்." அவன் தொடையில் கிடந்த கைகளைப் பார்த்தான். "போகாதுன்னு சொல்லியிருந்தா நீ வெல்டிங் ராடைத் தொட்டிருப்பியா? ஞாயித்துக்கெழம வந்தா நீ துணி தொவைப்ப, நான் ஜன்னலைப் பார்ப்பேன். எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. பதினான்கு மாதங்களாக அவனைச் சாகவிடாமல் பிடித்துவைத்திருந்தது அந்தப் பொய்தான் என்பதும் புரிந்தது. செருப்பைக் கழற்றாமலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சமைக்கவில்லை. அக்காவிடம் இந்த வருஷம் முடியாது என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு ஷெட்டை யாரும் திறக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட வெல்டிங் கோடுகளில் துரு பூத்தது. கம்மனஹள்ளியில் புதிதாக ரெஸ்டாரன்ட் திறக்கிற வெங்கடகிருஷ்ணன் கேள்விப்பட்டு வந்தான். வாசலில் காட்சிக்கு வைப்பானாம், பின்பக்கத்தில் மேஜை போடுவானாம். "எஞ்சின் மட்டும் வேணாம் சார், இறக்கிடுங்க" என்றான்.

விக்கி தலையாட்டினான். எஞ்சினைச் செயின் புல்லியில் மாட்டி அவள் ஒருத்தியே இறக்கினாள். அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

ஆனால் இழுத்துப்போகிற லாரி வந்த அன்று, "ஸ்டியரிங்கை யாராச்சும் பிடிக்கணுமே" என்று டிரைவர் சொன்னதும், "என்னைத் தூக்கி உள்ள வை" என்றான் விக்கி. அவள் அக்குளில் கைகொடுத்து அவனைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்தாள். லாரியின் கம்பிவடம் இறுகியது. எஞ்சின் இல்லாத வண்டி, சத்தமே இல்லாமல், ஷெட்டைவிட்டு நகர்ந்தது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கேட்டுத் தூணில் உரசாமல் லாவகமாக ஒடித்துத் தெருவுக்கு வந்தான். முப்பதடி தூரம் இருக்கும். அவள் பக்கத்திலேயே நடந்தாள்.

லாரியில் ஏற்றுகிற சரிவுப் பலகைக்கு முன்னால் டிரைவர் கையைக் காட்டினான். "போதும் சார், இறங்கிக்கோங்க."

விக்கி ஸ்டியரிங்கை விடவில்லை. அவள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பத்து மணி வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுப்பி என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.