அங்கன வச்சிட்டுப் போ

எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு காவல்காரன் வந்திருக்கிறான். எதிர்வீட்டுச் சுஜிதாவின் வாசலுக்கு மேலே மாட்டியிருக்கிற கேமராதான். அதற்குள்ளிருந்து பேசுவது குவைத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஜஸ்டின். எங்கள் ஊர் குத்துக்கல்வலசையில் ஆடு நடந்தாலும் ஆள் நடந்தாலும் அங்கே அவன் போன் அடிக்குமாம். உடனே இங்கே கரகரவென்று கத்துவான், "யாரு அங்கன?" நான் என் வாசலில் கோலம் போட்டாலும் அந்தச் சுவர் என்னைக் கேள்வி கேட்கும். எரிச்சலாக இருக்குமா இருக்காதா? கேட்டால், பார்சலைப் பார்த்துக்கொள்ளத்தான் கேமராவாம். அவன் அங்கிருந்து ஆர்டர் போடுவான். இவள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். பெட்டிகள் பூட்டிய வீட்டுப் படியில் கிடக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுஜிதா என் வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

"இசக்கிசெல்வியக்கா, எடுத்தத குடுத்துருங்க. போலீசு அது இதுன்னு போவ வேண்டாம்."

"என்னத்த எடுத்தேன்ட்டி?"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு படத்தில் டெலிவரிக்காரர் பெட்டியோடு நிற்கிறார். அடுத்த படத்தில் நான். அவள் படியில் குனிகிறேன், எதையோ அள்ளி மடியில் கட்டுகிறேன், மடி புடைக்கத் தெருவைத் தாண்டி வருகிறேன். நடுவில் நடந்தது எதுவும் இல்லை. அந்தக் கேமரா துண்டு துண்டாகத்தான் பிடிக்குமாம். பெட்டியில் இருந்தது புதுப் போன். கல்யாண நாளுக்கு ஜஸ்டின் அனுப்பியது.

"சாரக்காத்துல ஒங்க முருங்க முறிஞ்சு படில கெடந்துதுட்டி. கீரையத்தான் கட்டிக்கிட்டு வந்தேன். எடுத்துக்கிடுங்கன்னு நீதான எப்பமும் சொல்லுவ?"

"அப்பம் கீரயக் காட்டுங்க."

கீரை மத்தியானமே வெந்து வயிற்றுக்குள் போய்விட்டது. எதைக் காட்ட?

"மடில கனம் இருந்தாத்தாண்டி வழில பயம். எனக்கு என்ன பயம்?" என்றேன்.

"கனம் இருக்குல்லா. நல்லாப் பாருங்க" என்று படத்தில் என் மடியை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள்.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவளும் விடவில்லை. அதற்குள் அவள் அந்தப் படத்தைத் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 'இவங்கள நம்பித்தான் வீட்ட விட்டுட்டுப் போறோம்' என்று ஒரு வரி வேறு. அந்தக் குரூப்பில் வல்லிநாயகம் அண்ணாச்சியும் இருக்கிறார். என் மகள் உலகம்மைக்கு ஆலங்குளத்தில் மாப்பிள்ளை பேசிவிட்டவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி போன் பண்ணினார். "மாப்ள வீட்டுக்காரங்க வரலயாம் தாயி. யாரோ அனுப்புன அந்தப் படத்தப் பாத்தாவளாம்."

பக்கத்தில்தான் உலகம்மை நின்றாள். தேய்த்து வைத்திருந்த சேலையை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தாள். அழுதிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

என் பிள்ளை வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டவர்களைச் சும்மா விடுவேனா? நேரே போய்க் கேமராவுக்குக் கீழே நின்றேன்.

"ஏலே ஜஸ்டின்! வாயத் தொறலே. பெட்டிய வைக்கச் சொன்னது யாரு?"

"நாந்தான் சொன்னேன். எங்க வைக்கன்னு கேட்டாரு. அங்கன வச்சிட்டுப் போன்னேன். டூட்டிக்கு நேரமாச்சு, போயிட்டேன். நீங்கதான் கள்ளத்தனமா..."

சாரல் காற்று ஒரு பக்கம், அந்தக் கரகரப்பு ஒரு பக்கம்.

"என்ன சொன்ன? இன்னொருக்கச் சொல்லு."

"அங்கன வச்சிட்டுப் போன்னேன். காது கேக்கலயா?"

காது கேட்டது. ஆனால் 'அங்கே' என்கிற 'அங்கன'வாகக் கேட்கவில்லை. 'அங்கணம்' என்று பாதி விழுங்கிச் சொன்னது போலக் கேட்டது. எங்கள் பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு அங்கணம் என்று பெயர். சுஜிதா வீட்டில் பக்கச் சந்தில் ஒன்று உண்டு. சமையலறைக்குள் குழாய் வந்த பிறகு அந்தப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சத்தம் கேட்டு வெளியே வந்த சுஜிதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன். அங்கணத்தில் ஒரு பழைய வாளி கவிழ்ந்து கிடந்தது. தூக்கினேன். உள்ளே பெட்டி. மழையில் நனையக் கூடாதென்று அந்த டெலிவரிப் புண்ணியவான் மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அடியில் தண்ணீர் தேங்கி, பெட்டி கஞ்சியாய் ஊறியிருந்தது.

"ஐயோ, ஊறிப்போச்சே!" என்றாள் சுஜிதா. அதுதான் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"பெட்டிதான் ஒனக்குப் பெருசாட்டி? எம்மவளுக்கு வந்த எடம் போயிட்டே, அதுக்கு என்ன சொல்லுத?"

"அதான் கெடச்சிட்டுல்லாக்கா. விடுங்க."

"விடவா? கள்ளின்னு எங்க போட்டியோ அங்கனயே போடு. இப்பமே போடு. நான் நிக்கேன்."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தட்டினாள். படத்தை அழித்தாள். 'பார்சல் கிடைத்துவிட்டது. அனைவருக்கும் நன்றி' என்று போட்டு, ஒரு கும்பிடு பொம்மையும் வைத்தாள். என்னிடம் காட்டினாள். நானும் வாசித்துவிட்டுச் சரி என்றேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

வீட்டுக்கு வந்து உலகம்மையிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி போன் வந்தது. பிள்ளையும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாத்தேன் தாயி. பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டியாமே. ஏதோ ஆசயில எடுத்துட்ட, போவட்டும். குடுத்ததுதான் பெரிய மனசு. ஆறப் போட்டு வேற எடம் பாப்போம், என்னா?"

உலகம்மை என்னைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு வாசலுக்கு வந்தேன். எதிர்ச்சுவர் கரகரத்தது.

"யாரு அங்கன?"

"கள்ளிதாம்லே" என்றேன்.