ஹியாம் சுருதி ஏற்றிய மாலை

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ஹியாம் அன்று கறுப்பு உடுத்தியிருந்தாள் என்கிறார்கள். என் நினைவில் பச்சை. லெபனான் மலையில் ப்ரும்மானா ஊரின் கோடைவிழா என்பதில் மட்டும் யாருக்கும் மறுப்பில்லை.

மேடைக்குப் பின்னால் பாடகர் நஸ்ரி தொண்டைக்கு இதமாகச் சோம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வழக்கமான பியானோக்காரர் மாண்ட்ரியலுக்குக் குடிபோய்விட்டதால், இருபத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு ஹியாமை மறுபடியும் கூப்பிட வேண்டியதாயிற்று. அத்தனை வருடமும் அவள் பெய்ரூட் விடுதிக் கூடங்களில் வாசித்தாள். சொற்களற்ற, அமைதியான பியானோ இசையில் மூன்று தொகுப்புகள் வெளியிட்டாள். அவற்றைக் கேட்டவர்களில் பாதிப்பேர் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டும், மீதிப்பேர் மசாஜ் மேசையில் குப்புறவும் கிடந்தார்கள். ஆனால் கல்யாணங்களிலும் டாக்ஸிகளிலும் நாடே பாடிய 'உப்புக் காற்று' அவள் எழுதி மெட்டமைத்தது. தன் அம்மா இறந்த வருடம், ஜூனியே கடற்கரையில். ஒலிநாடா உறையில் எழுத்து, இசை இரண்டுக்கும் நஸ்ரியின் பெயர் வந்தது.

"இன்னிக்கு பாட்டுக்கு முன்னாடி என் பேரைச் சொல்லணும், உஸ்தாத். வேற எதுவும் வேண்டாம்."

"சொல்லாம இருப்பேனா? நீதான் என்னைப் புதைக்கணும், உயிரே!" என்று, உனக்கு முன்னே நான் போய்விட வேண்டும் என்னும் ஊர் வழக்கப்படி கொஞ்சினார்.

"அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு."

மேளக்காரர் தூஃபிக் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

நஸ்ரி சுருதியைப் பற்றிக் கேட்கவில்லை. அறுபதைத் தாண்டிய பாடகருக்குப் பியானோக்காரரே இரண்டு கட்டை இறக்கி எடுப்பார். அவர் கேட்கவும் மாட்டார், இவர் சொல்லவும் மாட்டார். அதுதான் அங்கே மரியாதை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நஸ்ரி மைக்கைப் பிடித்தார். "எங்கம்மா செத்த வருஷம், ஜூனியே கடற்கரையில, ஒரே மூச்சுல எழுதினேன் இந்தப் பாட்டை..."

ஹியாமின் விரல்கள் பியானோமேல் அப்படியே நின்றன. பெயரை விழுங்குவார் என்று தெரியும். அம்மாவையும் எடுத்துக்கொள்வார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பழைய சுருதியிலேயே எடுத்தாள்.

நஸ்ரியின் கழுத்து மட்டும் திரும்பியது. முதல் அடிகளைச் சமாளித்துவிட்டார். பல்லவியின் உச்சியில் குரல் உடைந்தது.

"இறக்கு, தாயே, இறக்கு," என்றார் தூஃபிக், உதடு அசையாமல்.

"நீங்க மேளத்தைப் பாருங்க."

முன்வரிசையில் ஒரு பெண், "அம்மாவை நெனச்சு அழறாருடி, பாவம்," என்றாள். அவ்வளவுதான். கூட்டம் எழுந்து தானே பாடத் தொடங்கியது. நஸ்ரி நெஞ்சில் கைவைத்து, மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினார். அவர் கண்களில் நிஜமாகவே நீர். தன் பாட்டையே தனக்கெதிராகப் பாடுகிறார்கள் என்று ஹியாமுக்குத் தோன்றியது. அத்தனை பேரையும் அந்தக் கணம் வெறுத்தாள்.

அரைக் கட்டை ஏற்றினாள். அவர்கள் எட்டிப் பிடித்தார்கள். இன்னொரு அரை. ஆண்கள் நின்றுபோனார்கள். மீண்டும் ஏற்றினாள். பெண்கள் சிரித்து, கிறீச்சிட்டு, ஓய்ந்தார்கள். தூஃபிக் மேளத்தின்மேல் கையை மல்லாத்தி வைத்துவிட்டார். பியானோ மட்டும் மிச்சமிருந்தது. முதன்முதலில் தனக்குள் கேட்ட வேகத்தில், அவசரமில்லாமல், கடைசிவரை வாசித்தாள். யாரும் கைதட்டவில்லை.

நஸ்ரி அதன்பின் மேடையேறவில்லை. பேட்டிகளில் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார். தூஃபிக் துபாயில் இருக்கிறார். பாட்டு இன்னும் நஸ்ரி பெயரில்தான். ஹியாமை எந்தப் பாடகரும் கூப்பிடுவதில்லை. ஜுபைலில் தனியாக இருக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள்.