ஒலி நீக்கப்பட்ட வாய்

வாருங்கள்! கோக்ஜார் நகரத்துப் பல் மருத்துவர் சைராகுலின் வாயருகே வந்து காதைக் கொடுங்கள். அங்கே நடந்திருக்கும் களவுக்கு நீங்களே சாட்சியாகுங்கள். நகராட்சித் தேர்தல் நடந்த இலையுதிர் காலத்தில், ஒரு மாலைச் செய்தி முடிந்த நொடியிலிருந்து, அந்த அம்மையார் வாயைத் திறந்தால் மலையொளித் தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர் எசென்பெக்கின் குரல்தான் வருகிறது. ஆண் குரல், அடித் தொண்டையில் தேன் தடவிய குரல், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மெல்லத் தரையிறங்கும் குரல். குரல் மட்டுமல்ல, சொற்களும் அவருடையவையே. அந்த ஆண்டு வெங்காயம் கிலோ நாற்பது சோமுக்கு ஏறியது, ஆட்டு இறைச்சி விலை இறங்கியது, மருத்துவரின் வாயில் வேறொருவர் பேசினார். மூன்றையும் ஊர் ஒரே மூச்சில் பேசியது.

சைராகுல் நெடுங்காலமாக எங்கள் ஊரின் ஒரே பல் மருத்துவர். எங்கள் வாய்க்குள் அவர் பார்க்காத மூலை கிடையாது. அப்படிப் பார்த்துவந்தவர், ஒரு வசந்தத்தில், பள்ளிப் பிள்ளைகளின் ஈறுகளில் பல்லை ஒட்டி நீலம் கலந்த கருங்கோடு ஒன்று ஓடுவதைக் கண்டார். உடம்பில் ஈயம் சேர்ந்தால் ஈறு அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். ஊருக்கு மேலே, கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தின் கழிவுக் குளம் கிடக்கிறது. அதன் கரைக்கு அடியில்தான் அப்போது குடிநீர்க் குழாய் போயிற்று. குழாயைப் போட்டவர் நகரத்தலைவர் கால்மூர்சா. மருத்துவர் மனுக் கொடுத்தார். தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். மீண்டும் கொடுத்தார், இம்முறை தேநீருடன் உலர்ந்த திராட்சையும் கொடுத்தார்கள். ஆகவே அவர் தேர்தலில் நின்றார். அவருக்கு இருந்தது ஒரே கோரிக்கை: குழாயின் வாயைக் குளத்துக்கு மேலேயுள்ள ஊற்றுக்கு மாற்று.

மலையொளித் தொலைக்காட்சி நகரத்தலைவரின் மைத்துனர் துராத்பெக்குடையது. தாங்கள் நடுநிலை தவறியதே இல்லை என்று அந்த நிலையம் மார்தட்டியது. சொன்னபடி நடக்கவும் செய்தது. நகரத்தலைவர் எவ்வளவு நேரம் திரையில் தெரிந்தாரோ, அவ்வளவே நேரம் மருத்துவரும் தெரிந்தார். நகரத்தலைவர் படத்தோடும் ஒலியோடும் வந்தார். அவர் இருமினால் இருமல் கேட்டது, அவர் வீட்டு நாய் குரைத்தால் குரைப்பு கேட்டது. மருத்துவர் படத்தோடு மட்டும் வந்தார். அவர் உதடுகள் அசைந்தன, கைகள் உயர்ந்தன, கழுத்து நரம்பு புடைத்தது, அதன் மேல் எசென்பெக்கின் குரல் சாவகாசமாக நடந்து போயிற்று: "நகரின் குடிநீர் வசதி குறித்து மருத்துவர் சைராகுல் தம் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டார்." வெளிநாட்டிலிருந்து தேர்தல் பார்வையாளர்கள் வந்தார்கள், கடிகாரம் வைத்து அளந்தார்கள், இருவருக்கும் நேரம் சமம் என்று பாராட்டினார்கள், குதிரை இறைச்சி நன்றாக வெந்திருந்ததையும் பாராட்டிவிட்டு விமானம் ஏறினார்கள். காதைத் தங்கள் ஊரில் வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் கொண்டுவந்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அந்த மாலை மருத்துவர் தம் தாயார் கூலாயிமுடன் அமர்ந்து தம்மைத் தாமே திரையில் பார்த்தார். செய்தி முடிந்ததும், "அம்மா, நான் இதையா சொன்னேன்?" என்று கேட்க வாயெடுத்தார். அடித் தொண்டைத் தேன்குரல் அறையை நிறைத்தது: "செய்தி ஒளிபரப்பின் தரம் குறித்து மருத்துவர் தம் தாயாரிடம் மனநிறைவு தெரிவித்தார்." தாயார் எழுந்து போய்ப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார். மகள் மறுபடி வாயைத் திறந்தார். குரல் மறுபடி வந்தது.

"பெட்டி செத்துப்போச்சுடி," என்றார் தாயார் நிதானமாக. "இவன் உன் உள்ளேயிருந்துதான் பேசுறான். கொஞ்சம் தேநீர் குடி, சூட்டுக்கு இறங்கிடுவான்."

இறங்கவில்லை. மறுநாள் பல் மருத்துவமனையில், "வாயை நல்லாத் திறங்க" என்று அவர் சொல்ல நினைத்தது, "வாய் திறப்பு நிகழ்ச்சியில் பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்" என்று வெளிவந்தது. நாற்காலியில் கிடந்த கசாப்புக்காரர் ஒஸ்மோன், வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். "டாக்டரம்மா, பல்லைப் புடுங்குறதுக்கு முன்னாடி விளம்பர இடைவேளை ஏதும் உண்டா?" வலிக்கிறதா என்று மருத்துவர் கேட்டார், "வலி முற்றிலும் கட்டுக்குள் உள்ளது" என்றது குரல். "இதே ஆளுதான் போன குளிர்காலத்துல கரண்டு கட்டே இல்லைன்னும் சொன்னான்," என்று முனகியபடி ஒஸ்மோன் பல்லைக் கொடுத்தார்.

பிரசாரக் கூட்டங்களில் நிலைமை இன்னும் சிறப்பாக இருந்தது. மேடையேறி நின்று, கண்ணில் கனல் தெறிக்க, மேசையைக் குத்தி, மருத்துவர் முழங்கியதெல்லாம் நகரத்தலைவருக்கான வாழ்த்துரையாகவே ஒலிபெருக்கியில் வெளிவந்தது. கால்மூர்சா உள்ளம் குளிர்ந்தார். "எதிர்க்கட்சின்னா இப்படில்ல இருக்கணும்! கூட்டம் பத்தலேன்னா நம்ம வண்டியிலயே ஆள் அனுப்புங்கப்பா" என்று உத்தரவிட்டார், அனுப்பவும் செய்தார். மருத்துவர் எழுதிக் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதினார், துண்டறிக்கை அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தார். ஆனால் எங்கள் ஊரில் காகிதத்தில் எழுதி வருவது வரி பாக்கியும் நீதிமன்ற அழைப்பும் மட்டுமே என்பதால், அச்சிட்ட எதையும் படிக்காமல் அடுப்புக்குள் போடுவது பரம்பரைப் பழக்கம். படித்த சிலரோ, "அவங்களே அந்தக் கூட்டத்துல வேற மாதிரில்ல சொன்னாங்க?" என்று தலையைச் சொறிந்தார்கள். பிள்ளைகளின் ஈறுகளில் கோடு தடித்துக்கொண்டே போயிற்று.

எசென்பெக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடியவர் அல்லர், கொடுத்ததை வாசிப்பவர். தவறான சொல் ஒன்று தவறிப்போய் வாயில் வந்துவிட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சி, முதலில் சந்தையில் பேசுவதை நிறுத்தினார், பிறகு நண்பர்களிடம், கடைசியில் வீட்டிலும். உப்பு வேண்டுமென்றால் உப்புக் கிண்ணத்தைப் பார்ப்பார். அவர் மனைவி ஆய்சுலு, ரொட்டி வாங்க வந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எம்புருஷன் குரலைக் கேக்கணும்னா டாக்டரக்கா வீட்டுக்குத்தான் போகணும். எங்கிட்ட அவரு பேசி வருஷக்கணக்காச்சு." பெண்கள் சிரித்தார்கள். ஆய்சுலு சிரிக்கவில்லை.

வாக்குப் பதிவுக்கு முந்தைய வாரம் கூலாயிம் இறந்தார். முதுமை என்றது நிலையம். குடிநீர்தான் காரணம் என்று அறிந்திருந்தார் மகள். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியது. எங்கள் வழக்கப்படி, இறந்தவரின் மகள் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து அமர்ந்து, தாய் எப்படி வாழ்ந்தாள், எதனால் மாண்டாள் என்று தன் சொந்தக் குரலில் ஒப்பாரி வைக்க வேண்டும். அது இல்லாமல் உடலை எடுப்பதில்லை. துக்கத்துக்கு வரும் ஆண்கள், எவராயினும், தெருமுனையிலிருந்தே வாய்விட்டு அலறியபடி வர வேண்டும். தொடங்கிய ஒப்பாரியை எவரும் இடையில் நிறுத்தக் கூடாது; நிறுத்தியவர் வீட்டில்தான் அடுத்த சாவு என்பதை எங்கள் ஊரில் நாத்திகர்களும் நம்புகிறார்கள்.

இவ்வளவையும் அறிந்த கால்மூர்சா, வெற்றி உறுதி என்ற களிப்பில் ஒன்றை மட்டும் மறந்தார். "நேரலை போடுங்க," என்றார் மைத்துனரிடம். "போட்டி வேட்பாளர் வீட்டுச் சாவுக்கும் நான் போனேன்னு ஊரே பாக்கட்டும். ஒலியோட போடுங்க, நான் நல்லா அழுவேன்."

நன்றாகத்தான் அழுதார். தெருமுனையில் தொடங்கி, வெள்ளைக் கம்பளித் தொப்பி சரியும்படி அலறிக்கொண்டு வந்து, கூடாரத்தின் வாசலில் கைகட்டித் தலைகுனிந்து நின்றார். உள்ளே சைராகுல் சுவரைப் பார்த்து அமர்ந்து, நெஞ்சிலிருந்து தாயை அழைத்தார். வந்தது இது: "மூத்த குடிமகள் ஒருவர் இயற்கை எய்தினார். நகரத்தலைவர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார். அடுத்து, வானிலை." பெண்கள் தலைத்துணியைக் கடித்துக்கொண்டார்கள். பெற்ற தாயைத் தன் வாயால் அழ முடியாத மகளின் முதுகு குலுங்கியதை, வாசல் வழியாக நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அப்போது ஒலிவாங்கியோடு எசென்பெக் வாசலை நெருங்கினார். வேலைக்கு வந்தவர் என்பதால் ஊமையாக வந்தார். அவரும் அழ வேண்டிய ஆண்தான் என்பதைத்தான் நகரத்தலைவர் மறந்திருந்தார். இறந்தவரின் தங்கை, சொல்லுக்கு அஞ்சாத சித்தி ஊல்காய், உள்ளிருந்தே பாய்ந்தார். "டேய், எசென்பெக்! சாவு வீட்டுக்கு வந்தவன் அழாம வர்றியா? ஊருக்கெல்லாம் வாசிக்கிறவன், என் அக்காவுக்கு ஒரு சத்தம் போட மாட்டியா? வாயத் தொறடா!"

அவர் வாயைத் திறந்தார். பல ஆண்டுகளாகத் தனக்கென்று ஒரு சொல்கூட வைத்துக்கொள்ளாத தொண்டை அது. அதற்குள் அவருடையது என்று எதுவுமே மிஞ்சியிருக்கவில்லை. மாலைதோறும் அவர் எந்தக் குரலின் மேல் ஏறி நடந்தாரோ, அந்தக் குரல் மட்டுமே அங்கே அடியில் கிடந்தது. அது எழுந்து வந்தது. பெண் குரல், சற்றே கரகரத்த, எங்கள் எல்லோருக்கும் பல் வலிக்கும்போது பழகிய குரல்:

"என்னப் பெத்த தாயே! ஊத்துத் தண்ணின்னு
ஏந்தி ஏந்திக் குடிச்சியே!
ஈயம் கரைஞ்ச தண்ணிய
எங்கையால மோந்து கொடுத்தேனே!
எட்டிப் பாத்தேன் பிள்ளைங்க வாயில,
நீலக் கோடு ஓடுதம்மா!
எடுத்துச் சொன்னேன் ஊருக்கு,
எவங்குரலோ பேசுதம்மா!"

உள்ளே மருத்துவரின் உதடுகள் அசைந்தன. வெளியே செய்தி வாசிப்பாளரின் வாய் அழுதது. சொல்லுக்குச் சொல் பொருந்தியது. குளத்தின் கரை வந்தது, குழாய் வந்தது, மனுவும் தேநீரும் திராட்சையும் வந்தன, தெருத்தெருவாகப் பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. தம் பிள்ளையின் பெயர் வந்தபோது கசாப்புக்காரர் ஒஸ்மோன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒளிப்பதிவுக் கருவி நகரத்தலைவரின் முகத்தில் நின்றது. ஒப்பாரி முடியும்வரை அவர் நகர முடியாது, தலை நிமிர முடியாது, இருமக்கூட முடியாது.

நிலையத்தில் துராத்பெக் கத்தினார்: "வெட்டு, வெட்டு! விளம்பரத்தைப் போடு!"

பொத்தானருகே இருந்த நூர்ஜான் என்ற பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "ஒப்பாரிங்க அது. எங்கம்மா உடம்பு சரியில்லாம இருக்காங்க. நீங்களே வந்து வெட்டுங்க, அண்ணே."

துராத்பெக் வந்தார், பொத்தானின் மேல் விரலை வைத்தார், மலைச்சரிவில் தனியாக வாழும் தம் தாயை நினைத்தார், ஒப்பாரி முடியும்வரை விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அழுத்தவில்லை.

மறுநாள் மலையொளி, "நகரத்தலைவர் ஒப்பாரியை உருக்கத்துடன் கேட்டார்" என்று அறிவித்தது. ஆனால் அதற்குள் ஊர் முழுவதும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டது. கோடு இல்லாத வீடு அரிதாக இருந்தது. தேர்தலில் கால்மூர்சாவே வென்றார். எங்கள் ஊர் ஒரே வாரத்தில் இரண்டு அதிசயங்களைத் தாங்காது. என்றாலும், நகராட்சி வாசலில் குடங்களோடு அமர்ந்த பெண்கள் எழ மறுத்ததால், பனி உருகியதும் குழாய் ஊற்றுக்கு மாறியது. அது நகரத்தலைவரின் தொலைநோக்கு என்று செய்தியில் சொன்னார்கள். பிள்ளைகளின் ஈறுகள் மெல்ல மெல்லச் சிவந்தன.

குரல்கள் மட்டும் இடம் மாறவில்லை. வேலையிழந்த எசென்பெக் இப்போது பல் மருத்துவமனையில் கருவித் தட்டை ஏந்தி நிற்கிறார். மருத்துவர் பேச வேண்டியதை அவர் வாய் பேசுகிறது. மாலையில் எசென்பெக் வீடு திரும்பும்போது மருத்துவரும் உடன் சென்று, அவர் மனைவியிடம் அவர் குரலில் நான்கு வார்த்தை பேசிவிட்டு வருகிறார். அந்தக் குரல் வீட்டுச் சங்கதி பேசக் கற்றுக்கொள்ளச் சில காலம் பிடித்தது. முதல் ஆண்டெல்லாம், "உப்பு இருப்பு போதுமான அளவில் உள்ளது" என்றே அது சொல்லும். ஆய்சுலு அதற்கும் முகம் மலர்வார். இதையெல்லாம் இங்கே எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையொளியில் வேறோர் இளைஞர் வாசிக்கிறார். சென்ற மாதம் சந்தை வாடகை உயர்வை எதிர்த்த தக்காளிக்காரி ஜிபேக்கைப் படம் மட்டும் காட்டினார்கள். மறுநாள் முதல் அவர் அந்த இளைஞரின் குரலில், "தக்காளி வரத்து சீராக உள்ளது" என்று விற்கிறார். நாங்கள் அழுத்திப் பார்த்து வாங்கிச் செல்கிறோம்.

வாங்கிச் செல்லலாமா, தோழர்களே? எத்தனை வாய்களை இப்படிப் பறிகொடுத்தபின் நமக்குக் கோபம் வரும்? இன்று மாலை திரையில் ஒருவரின் உதடு அசைந்து, இன்னொருவரின் ஒலி கேட்டால், பெட்டியை அணைத்துவிட்டுப் படுக்காதீர்கள். செருப்பை மாட்டுங்கள். அண்டை வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நிலையத்தின் வாசலில் போய் நில்லுங்கள். "அவர் பேசியதைப் போடு, அவர் குரலிலேயே போடு!" என்று கேளுங்கள், போடும்வரை கேளுங்கள். உங்கள் குரலில் கேளுங்கள், அது இன்னும் உங்களிடம் இருக்கும்போதே.